எல்லை தாண்டிப் போன ஃப்ளெக்ஸ்

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்தில் நாகேஸ்வரனைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதும் கிடையாது. நகரத்தில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் நடத்துகிறார். அது சம்பளத்துக்கு. மனசுக்கு மேடை. குடியிருப்போர் சங்கமோ, ஓய்வூதியர் சங்கமோ, நவராத்திரி பந்தலோ, மைக் எங்கே இருந்தாலும் அவரிடம் ஒரு பேச்சு தயாராக இருக்கும். உண்மையைச் சொன்னால் அவரிடம் இருந்ததே ஒரே ஒரு பேச்சுதான். நிலைத்த வளர்ச்சி என்று உலக நாடுகள் ஐம்பது வருஷமாகக் கூடிக்கூடிப் பேசுவதை நம் பெரியவர்கள் தர்மம் என்ற ஒரு சொல்லில் அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டார்கள் என்பது அந்தப் பேச்சு.

மலையாளத்தில் கேட்டால் மலையாளம், தமிழில் கேட்டால் தமிழ். இரண்டிலும் ஒரே இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். ஸ்டாக்ஹோம் பிரகடனம் வரும் இடம் அது. ஒரு நாடு தன் எல்லைக்குள் தன் செல்வத்தைத் தன் இஷ்டம்போல் ஆண்டுகொள்ளலாம். ஆனால் அதனால் வரும் கெடுதி எல்லை தாண்டி அடுத்தவன் மண்ணில் போய் விழக் கூடாது. இதைச் சொல்லி ஒரு மூச்சு நிறுத்துவார். பிறகு, "காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்னால், உன்னை மிதிக்கப்போகிறேன், பொறுத்துக்கொள் தாயே என்று பூமியிடம் மன்னிப்புக் கேட்கிற வம்சம் நாம். நமக்கு ஸ்டாக்ஹோம் புதுசா?" என்பார். கைதட்டல் அங்கேதான் விழும்.

ஆள் போலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சாலைக் கடைத்தெருவுக்குத் துணிப்பையோடுதான் போவார். வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வாசலுக்கு வரும்போது பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து அடுக்கித் தருவார். கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் டம்ளரைக் கண்டால் தண்ணீர் குடிக்காமலே எழுந்து வந்துவிடுவார். அவருக்கு ஊரில் மரியாதை இருந்தது. அந்த மரியாதை அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அப்பா வெங்கடசுப்ரமணியன் படுத்த படுக்கையானபோதுதான் முதல் இடறல். கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் கால்கள் விழுந்துவிட்டன. மகனும் மருமகள் பாகீரதியும் அவரைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டயபர்களும் புண்ணுக்குக் கட்டிய பஞ்சும் இன்சுலின் ஊசிகளும் நாளுக்கு நாள் சேர்ந்தன. இதெல்லாம் எங்கள் கணக்கில் வராது சாரே என்று ஹரிதகர்ம சேனைப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். மருத்துவக் கழிவை முறையாக எடுக்கிறவர்கள் நகரத்தில் இருந்தார்கள். போன் செய்து பதிவு செய்ய வேண்டும், ஊசியைத் தனியாக டப்பாவில் போட வேண்டும், அவர்கள் வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். விதி இன்னது, உட்பிரிவு இன்னது என்று வகுப்பில் ஒப்பிக்கும் மனிதர், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஊசிகள் சாக்கில் சேர்ந்தன. சாக்குகள் மொட்டைமாடிக்குப் போயின.

மாசி மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். பத்தாம் நாளைக்குள் அவர் படுத்த படுக்கை, உடுத்தின துணி, தொட்டுப் புழங்கினது எல்லாம் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்றார் காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார். மாடியில் சாக்குகளும் மெத்தையும் அம்பாரமாகக் கிடந்தன. பாகீரதி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஃப்ளெக்ஸில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினாள். அந்த வீட்டில் ஃப்ளெக்ஸுக்குப் பஞ்சமில்லை. கூட்டம் முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் பிரியமாகச் சுருட்டிக் கொடுத்தனுப்புவார்கள். அவள் அதை விரித்து வடாம் காயவைப்பாள். அன்றைக்குக் கையில் அகப்பட்டது ஒரு மலையாள ஃப்ளெக்ஸ். நிலைத்த வளர்ச்சியும் மத தர்மமும் என்று தலைப்பு. கீழே அங்கவஸ்திரத்தோடு நாகேஸ்வரனின் பெரிய படம்.

"முகத்தை உள்பக்கமா வச்சுத்தான் கட்டியிருக்கேன்" என்றாள், அது ஏதோ பெரிய மரியாதை என்கிற மாதிரி.

தெருவில் ஒரு போன் நம்பர் கைமாறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் ஒரு ஆள் பிக்கப் வண்டியோடு வருவான். என்ன, ஏது என்று கேட்காமல் எதையும் எடுத்துக்கொண்டு போவான். வந்தான், ஏற்றினான். மகள் ஸ்ரீலக்ஷ்மி அப்போது வாசலில் நின்றிருந்தாள். கழக்கூட்டத்தில் மென்பொருள் கம்பெனி வேலை, காரியத்துக்காக லீவில் வந்திருந்தாள்.

"அப்பா, இதெல்லாம் அவன் எங்கே கொண்டு போடுவான்? நீங்க கேட்டேளா?"

"அதெல்லாம் கேட்கப்படாது. வாசலைத் தாண்டினது தாண்டினதுதான். திரும்பிப் பார்க்கப்படாது."

சுடுகாட்டிலிருந்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சாஸ்திரம். குப்பை வண்டிக்கு அப்படி ஒரு சாஸ்திரம் எந்தக் காலத்திலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் நாகேஸ்வரன் சொந்தமாக உண்டாக்கியது அது. சொல்லும்போதே அவருக்கு உள்ளே சுருக்கென்றது. ஸ்ரீலக்ஷ்மி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மதி, ஒண்ணும் பறயண்ட" என்று, அதாவது போதும், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று, மலையாளத்தில் முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மலையாளத்துக்கு மாறினால் கோபம் என்று அர்த்தம். வண்டி திரும்பிப் போனது. அவர் பார்க்கவில்லை.

அவர்களுடைய குலதெய்வம் திருநெல்வேலிச் சீமையில் வள்ளியூருக்கு மேற்கே செழியநேரியில் இருக்கிறது. ஓடைக்கரை சாஸ்தா. குளத்தங்கரையில் ஒரு மருதமரம், அதன் அடியில் சின்னக் கோயில். முப்பாட்டனார் அங்கிருந்துதான் திருவனந்தபுரத்துக்கு வந்தார். இன்னொரு கிளை மும்பையில், ஒன்று சென்னையில். மலையாளக் கரையிலிருந்து வருகிற குடும்பம் இவர்களுடையது மட்டும்தான். எங்கே போய் எப்படி வாழ்ந்தாலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா முன்னால் போய் நின்றாக வேண்டும். அந்த வருஷம் துக்கம், போகவில்லை. அடுத்த மாசியில் அப்பாவின் வருஷாப்திகம் முடிந்ததும் பங்குனிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் காரில் கிளம்பினார்கள். ஸ்ரீலக்ஷ்மிக்கு ஆபீசில் முக்கியமான வேலை, வரவில்லை.

இறங்கிக் கோயிலைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. அபிஷேகத்துக்குக் குளத்திலிருந்துதான் குடம் எடுப்பார்கள். இந்தத் தடவை படிக்கட்டில் தண்ணீர் கேன்கள் வரிசையாக இருந்தன. குளம் வற்றிக் கருப்பாகக் கிடந்தது. கரையோரம் பாதி எரிந்த குப்பை.

"குளத்துத் தண்ணி எடுக்கலையா?" என்று கேட்டார்.

நயினார் பெருமூச்சு விட்டார். கோயில் காரியங்களைப் பார்ப்பவர், அந்த ஊர்க்காரர், அறுபது வயதிருக்கும். "எங்கிட்டு எடுக்க சார்? போன வருசம் ராவோட ராவா உங்க பக்கத்துலேருந்து லாரியில கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டானுவ. ஆஸ்பத்திரிக் குப்பையும் வீட்டுக் குப்பையும் கலந்து மலைமாதிரி. அதிகாரிமாரு வந்தாவ, போட்டோ புடிச்சாவ, கொஞ்சத்தை அள்ளிட்டுப் போனாவ. தண்ணிக்குள்ள போனது போனதுதான்."

"அநியாயம்!" என்றார் நாகேஸ்வரன். மனசாரச் சொன்னார். அதோடு விட்டாரா? கண்ணாடியைக் கழற்றினார். எல்லை தாண்டிக் கெடுதி செய்யக் கூடாது என்பது நாடுகளுக்கு நடுவே உள்ள சட்டம் என்றாலும் மாநிலங்களுக்கும் தர்மம் அதுதான் என்றார். அசுத்தம் செய்தவன்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று ரியோவில் உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பாகீரதிகூடக் கொஞ்சம் பெருமையாகப் பார்த்தாள்.

நயினாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சாஸ்தாதான் உங்களைக் கொண்டாந்து விட்டிருக்காரு. உங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும்லா? போன வாரம் குளம் வத்துனப்போ சகதியிலேருந்து ஒண்ணு கெடச்சுது. அதுல பேரு ஊரு எல்லாம் இருக்கும்போல. இங்க எவனுக்கும் படிக்கத் தெரியல. உத்திரத்துக்கு நீங்க வருவிய, காட்டலாம்னு கழுவி வச்சிருக்கேன்."

மடைப்பள்ளி ஓரத்திலிருந்து இரண்டு பேர் அதைத் தூக்கிவந்து விரித்தார்கள்.

ஃப்ளெக்ஸ் நம்மைவிட நீண்ட ஆயுள் உள்ளது என்று நாகேஸ்வரன் மேடையில் சொல்வதுண்டு. அது மெய்தான். ஒரு ஓரம் தீய்ந்திருந்தது. படத்தில் மூக்குக்கு மேலே எரிந்துபோய்விட்டது. மோவாயும் கழுத்தும் அங்கவஸ்திரமும் அப்படியே இருந்தன. எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. பாகீரதி சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"படிங்க சார்" என்றார் நயினார்.

அந்த இடத்தில் பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று அவருக்கு இருந்தது. தினம் காலையில் மன்னிப்புக் கேட்கும் அதே பூமிதான், ஒன்றும் செய்யவில்லை. தொண்டையைச் செருமினார். தலைப்பைப் படித்தார். "நிலைத்த வளர்ச்சி... ஏதோ கருத்தரங்கு." தேதியைப் படித்தார். மண்டபத்தின் பெயரைப் படித்தார். வரவேற்பு, நன்றியுரை என்று இருந்ததைக்கூட விடாமல் படித்தார். நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருந்த ஒரு வரியைத் தாண்டிப் போனார்.

"பேசின ஆளு பேரு இல்லையா?"

"அது... எரிஞ்சுபோன பக்கத்துல இருந்திருக்கும்."

சொன்ன பிறகு அவரால் நயினாரைப் பார்க்க முடியவில்லை. நயினாரோ நம்பிவிட்டார். வாசிக்கத் தெரியாத எழுத்தை வாசித்துக் காட்டுகிறவரை நம்பாமல் என்ன செய்வது? "போகட்டும். சட்டம் தெரிஞ்சவுக நீங்க. பசுமைத் தீர்ப்பாயமோ என்னமோ சொல்லுதாவளே, அங்க ஒரு மனு போட்டுத் தரணும். இந்த மண்டபத்தைப் புடிச்சா ஆளைப் புடிச்சிரலாம்லா?" என்றார். "செய்யறேன்" என்றார் நாகேஸ்வரன். எப்படியாவது அந்த ஃப்ளெக்ஸைச் சுருட்டி மூடினால் போதும் என்று இருந்தது அவருக்கு.

பாகீரதி அவரை மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். "என்னன்னா இது? நம்மடேதுன்னு சொல்லிடுங்கோ."

"இப்போ வேண்டாம். ஆத்துக்குப் போய்ட்டு, பணமா ஏதாவது அனுப்பிச்சு, குளத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லலாம். இங்கே இத்தனை பேர் முன்னாடி..."

அவர் முடிக்கவில்லை. தீபாராதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வழக்கமாக முதல் மரியாதை மும்பைக் குடும்பத்துக்கு. இந்தத் தடவை நயினார் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து, "நமக்காக வழக்காடப் போறவரு" என்று சத்தமாகச் சொல்லி, நாகேஸ்வரனின் தலையில் பரிவட்டம் கட்டவைத்தார். சிவப்புப் பட்டுத்துணி. அவர் குனிந்து நின்றார். எத்தனையோ மேடையில் எத்தனையோ பொன்னாடை வாங்கிய தோள்தான். அன்றைக்கு அந்த முழத்துணியின் கனம் தாங்க முடியவில்லை. சாஸ்தாவை நிமிர்ந்து பார்க்கத் திராணி இல்லாமல், விளக்கின் அடியில் ஒழுகிக் கிடந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது ஒரு பெண் கும்பிட்டபடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். பொன்னம்மை, ஆடு வளர்க்கிறவள், திருவிழாவுக்குக் குளத்தைச் சுத்தம் செய்வது அவளும் அவள் புருஷனும்.

"சாமி, அந்த எழுத்துல ஆஸ்பத்திரி பேரு எதுவும் போட்டிருக்கா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"போன வருசம் குப்பையை இழுத்துப் போடும்போது கால்ல ஊசி குத்திட்டு. பச்சைச் சுங்குடியில உறை தைச்ச மெத்தை ஒண்ணு. அதை இழுத்தேன், கூட இருந்த சாக்குலேருந்து ஆரஞ்சு மூடி போட்ட குட்டி ஊசியா நிறைய கொட்டுச்சு. சுகர் ஊசிதான்னாரு டாக்டரு. ஆனா யாரு போட்டதோ, என்ன சீக்குக்காரரோ, நமக்கு எப்படித் தெரியும்? ரத்தம் எடுத்து எடுத்துப் பாத்தாவ. ஒண்ணுமில்லேன்னுதான் சொல்லுதாவ. மனசு கேக்க மாட்டேங்கு சாமி. எனக்குன்னு தட்டு தனி, டம்ளர் தனி. அவுக பக்கத்துல படுக்கறதில்ல. யாருக்குப் போட்ட ஊசின்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

பச்சைச் சுங்குடிப் புடவை பாகீரதியினுடையது. மாமனாருக்கு உடம்பு உறுத்தாமல் இருக்கட்டும் என்று பழைய புடவையை அவளே கையால் தைத்து மெத்தைக்கு உறை போட்டிருந்தாள். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

 ஊர் முன்னால் தலைகுனிவு வருமே என்றுதான் இத்தனை நேரம் நாகேஸ்வரன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே ஒருத்தி ஒரு வருஷமாகப் புருஷன் குடித்த டம்ளரைத் தொடாமல் இருக்கிறாள். இவர் வாயிலிருக்கும் ஒரு பேச்சு போதும் அவளுக்கு. வெறும் பேச்சு. அதைத்தானே வாழ்நாளெல்லாம் ஊருக்கு அள்ளி அள்ளி வழங்கினார்?

"அம்மா, அது எங்க அப்பா ஊசி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"அந்த மெத்தை எங்காத்து மெத்தை. அந்தப் படம் என் படம். எரிஞ்சுபோச்சுன்னு சொன்னேனே, பேர் எரியலை. பெரிசா இருக்கு, என் பேர். அப்பாவுக்குச் சர்க்கரை மட்டும்தான். வேற ஒரு வியாதியும் கிடையாது. ரத்தம் எல்லாம் பார்த்துண்டேதான் இருந்தோம். நீங்க பயப்படவே வேண்டாம்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். நயினார் வந்துவிட்டார்.

பொன்னம்மைக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. "வெறும் சுகரா? வேற ஒண்ணும் இல்லையே? சாஸ்தா முன்னாடி நின்னு சொல்லுதியளா?"

பரிவட்டம் கட்டிய தலையோடு அவர் கோயிலைப் பார்த்துத் திரும்பி, வாசலில் இருந்த கற்பூரத் தட்டின்மேல் கையை வைத்து, "சத்தியம்" என்றார். அப்போதுதான் சாஸ்தாவின் முகத்தைப் பார்த்தார்.

அவள் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. "நல்லா இருப்பிய சாமி" என்று அவரையே கும்பிட்டாள். பிறகு விறுவிறுவென்று நடந்து, மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள். அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தாள். அவன் ஒன்றும் விளங்காமல் அவளையே பார்த்தான். அவள் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

நாகேஸ்வரன் பரிவட்டத்தை அவிழ்த்து நயினாரிடம் நீட்டினார். நயினார் வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"குளத்தை நான் சுத்தம் பண்ணித் தரேன். என்ன செலவானாலும்..."

"அது பாத்துக்கிடலாம் சார்" என்றார் நயினார். குரலில் கோபம் இல்லை. "வண்டிக்காரன் எங்க கொண்டு போவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாம நடந்துட்டு. ஆனா நான் படிங்கன்னு கேட்டப்போ ஏன் சார் சொல்லல?"

நாகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டிக்கொண்டார்.  நயினார், "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று பந்திக்கு நடந்தார்.

இலை போட்டார்கள். மற்றவர்களுக்குப் போலவே பாயசம் வரைக்கும் பரிமாறினார்கள். யாராவது இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் அவர் சாப்பிட்டிருப்பார். கிளம்பும்போது கார் பின்பக்கத்தில் ஃப்ளெக்ஸைச் சுருட்டி வைத்தார்கள். அதைத் தாருங்கள் என்று அவரும் கேட்கவில்லை, எடுத்துப் போங்கள் என்று அவர்களும் சொல்லவில்லை.

எல்லையில், களியக்காவிளையில், தமிழ்நாட்டுக்குள் போகும் லாரிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கேரளத்துக்குள் போகும் அவருடைய காரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.  கரமனைப் பாலம் தாண்டியதும் பாகீரதி, "ஸ்ரீலக்ஷ்மி கேட்டா என்ன சொல்லப்போறேள்?" என்றாள்.

ஸ்ரீலக்ஷ்மிதான் கதவைத் திறந்தாள். சாமான்களை இறக்க வந்தவள், சேறு மணக்கும் சுருளைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஒரு முனையைப் பிரித்தாள். அப்பாவின் பெயர்.

"இது நாம குப்பைக்குப் போட்டதுதானே? எங்கேந்து கிடைச்சது?"

அன்றைக்கு அவள் கேட்ட அதே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்கப்படாது என்று இந்தத் தடவை அவரால் சொல்ல முடியவில்லை. வண்டி எங்கே போனது, மெத்தை எங்கே கிடந்தது, யார் காலில் ஊசி குத்தியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்து அவள் சுருளைத் தூக்கப்போனாள்.

"இரு, இன்னும் ஒண்ணு இருக்கு" என்று மகளை நிறுத்தி, பேரை விட்டுவிட்டுப் படித்ததையும் சொன்னார்.